கஞ்சிப் பசை

சொரிமுத்து ஆசாரி நூலின் ஒரு முனையைச் சாலோமியின் தலைமாட்டில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைத் தேவசிகாமணியிடம் நீட்டினார்.

"கால் பக்கம் பைய இழுத்துப் பிடிங்க ஐயா. தொய்ஞ்சா அளவு கூடிப்போவும்."

தேவசிகாமணி குனிந்து பிடித்தார். இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவளின் உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஆசாரி நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, "சாயங்காலத்துக்குள்ள பெட்டியை முடிச்சுருவேன்" என்று சொல்லிப் போனார். நூலின் முனையைப் பிடித்திருந்த விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் தேவசிகாமணி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பத்து நாள் காய்ச்சல். விஷக்காய்ச்சல் என்றார் வைத்தியர். முந்தின நாள் சாயங்காலம் அவள் கையைத் தூக்கி மூலையில் இருந்த டிரங்குப் பெட்டிப் பக்கம் காட்டினாள். பெட்டிக்கு மேல் செம்பு இருந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார். இரண்டு மிடறு குடித்துவிட்டு மறுபடியும் காட்டினாள். மறுபடியும் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்கவில்லை. கோழி கூப்பிடுகிற நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

தேவசிகாமணி பாளையங்கோட்டையில் ஓர் அச்சாபீஸில் புரூப் திருத்துகிறவர். ஒரு ஞானப்பாட்டுப் புத்தகமோ துண்டுப்பிரதியோ அவர் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதாக யாரும் சொல்ல முடியாது. சிவப்பு மசியால் அவர் ஓர் எழுத்தை அடித்தால் அடித்ததுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பார். ஆபீஸில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. வீட்டில் அந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்தியவளைத்தான் இப்போது வெள்ளைச் சேலை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள்.

முன்வீட்டுக் கூடத்தில் பெண்கள் கீர்த்தனை பாடத் தொடங்கினார்கள். அப்பாத்துரை பக்கத்தில் வந்து நின்றார். அதே அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவர்களுக்கு மேலாள், கோயிலில் மூப்பர், வயதில் இவருக்கு இளையவர்.

"அண்ணாச்சி, நாலரைக்கு அடக்கம்னு பாதிரி ஐயர் சொல்லிட்டாவ. சித்திரை வெயிலு, நாளைக்கு வரை வச்சிருக்க முடியாது. தம்பிக்குச் சொல்லணும்லா?"

"எந்தத் தம்பிக்கு?"

"சத்தியநேசனுக்குத்தான்."

"எனக்குப் பிள்ளை கெடையாது. உமக்குத் தெரியாதா வே?"

"உங்களுக்கு இல்ல. சரி. படுத்திருக்கவளுக்கு உண்டுல்லா?" என்றார் அப்பாத்துரை.

அந்த ஒரே பிள்ளை அப்பாத்துரையின் கையில்தான் எழுத்துக் கோக்கப் படித்தவன். மூன்று வருஷத்துக்கு முன் உவரிக்குப் போனான், ஒரு பரதவப் பெண்ணைப் பார்த்தான், அவளுக்காக ரோமான் சபையில் சேர்ந்து அவர்கள் கோயிலிலேயே தாலியும் கட்டினான். தேவசிகாமணி அன்றைக்கு வேதப்புத்தகத்தைத் திறந்தார். குடும்பத்தார் பிறந்த தேதியெல்லாம் முதல் தாளில் எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். அதில் சத்தியநேசன் என்ற பெயரைச் சிவப்பு மசியால் குறுக்கே அடித்து, ஓரத்தில் சுழியும் போட்டார். புரூப்பில் அந்தச் சுழிக்கு, எடுத்துவிடு என்று அர்த்தம். அடுப்படியில் நின்ற சாலோமி அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் குழம்புக்கு உப்புப் போட மறந்துபோனாள், அவ்வளவுதான்.

"இப்பம் அவன் எங்கன இருக்கான்?" என்று அப்பாத்துரை கேட்டார். "உவரியில இல்லையாம். மீன்காரங்ககிட்ட விசாரிச்சேன். போன வருஷமே குடி கிளம்பிட்டானாம். எங்க போனான்னு அவங்களுக்கும் தெரியல. உங்களுக்குக் காயிதம் போட்டான்லா, மூணு? அதுல விலாசம் இருக்கும்."

"கிழிச்சுப் போட்டேன்."

"வாசிச்சுட்டா?"

"வாசிக்காமத்தான்."

அப்பாத்துரை தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவசிகாமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து கெசியா வந்தாள். சாலோமியின் தங்கை, அடுத்த தெருவில் இருக்கிறவள், பெண் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரலில் மட்டும் அழுகை இல்லை. "அத்தான், பெட்டிக்குப் போர்த்தக் கறுப்புத் துணி வந்தாச்சு. சிலுவையும் பேரும் வெட்டி ஒட்ட வெள்ளைக் காயிதம் வேணும். அக்கா டிரங்குல கெடக்கும். இந்தாங்க." சாலோமியைக் குளிப்பாட்டும்போது இடுப்புக் கயிற்றிலிருந்து அவிழ்த்த சாவி அது. அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

டிரங்கு இருந்த உள்ளறைக்குப் போய் அவர் பெட்டியைத் திறந்தார். வெள்ளைக் காகிதம் மட்டுமா இருந்தது? புத்தகம் கட்டி ஓரம் வெட்டும்போது விழுகிற கீற்றுகளை அடுப்பு மூட்ட ஆகும் என்று அவர்தான் வாராவாரம் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். அவை அடுப்புக்குப் போகவில்லை என்பது இப்போது தெரிந்தது. மேலட்டைப் பச்சை தனி, ஊதா தனி, துண்டுப்பிரதியின் ரோஜா நிறம் தனி, தர்பார் வருஷத்துத் தோரணக் காகிதம் தனி என்று பிரித்து, பழைய பஞ்சாங்கத் தாள்களுக்கு நடுவில் வைத்திருந்தாள். ஓரத்தில் ஒரு சிரட்டை நிறையக் காய்ந்துபோன பசை. கோதுமை மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய அச்சாபீஸ் பசை அது. பூச்சி அரிக்காது, ஒட்டினால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். சுவரில் காலண்டர் ஒட்டவேண்டும் என்று அவள் கேட்டதற்கு அவரே கொண்டுவந்து கொடுத்தது.

அடியில் அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தார்.

முதல் அட்டையில் வாய்க்காலும் நாற்றங்காலும். அவள் பிறந்த களக்காடு என்று பார்த்ததும் தெரிந்தது. மலை ஊதாக் காகிதம். வயலெல்லாம் மெல்லிய பச்சைக் கீற்று, ஒன்றன்மேல் ஒன்றாக, நாற்றைப் போலவே குத்திட்டு. இரண்டாவதில் கோயில் கோபுரம், அதன் மேல் ஏராளமான காக்கை. மூன்றாவதில் ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க அச்சுத்தாள். திருத்தின புரூப் கழிவையே வெட்டி ஆளாக ஆக்கியிருந்தாள். சட்டையெங்கும் சிவப்புச் சுழி. மூக்குக்கண்ணாடிக்கு இரண்டு பெரிய பூஜ்யம். தலை கொஞ்சம் மேலே தூக்கி, ஊரில் யாருக்கும் எழுத்து வராது என்கிற தோரணை.

அது தான்தான் என்று புரிய அவருக்கு நேரமாயிற்று. அவள் தன்னைப் பார்த்து இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இத்தனை வருஷமும் அவருக்குத் தெரியாது. அப்படியே பெட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி அட்டைதான் பெரியது. கடல்.

சாலோமி கடலைப் பார்த்தவள் இல்லை. தாமிரபரணியில் வெள்ளம் வந்ததைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனாலும் கடல்தான். மங்கின நீலக் காகிதத் துண்டுகள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தன. கரையில் பழுப்பு உறைத்தாளில் ஒரு குடிசை. வாசலில் ஓர் ஆண், ஒரு பெண். பெண்ணின் கை நீலக் காகிதம், வளைந்திருந்தது. வளைவுக்குள் ரோஜா நிறத்தில் கட்டைவிரல் அளவு ஒரு பிள்ளை.

இந்தப் படத்தில் மட்டும் எந்தத் துண்டிலும் கத்தரி பட்டிருக்கவில்லை, பிள்ளையைத் தவிர. மற்ற எல்லாம் கையால் கிழித்த துண்டு. அலையின் விளிம்பு ஒவ்வொன்றும் பிசிறு. அவர் அந்தப் பிசிறைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எங்கிருந்து வந்த நீலம் என்று நெஞ்சுக்கு முதலில் தெரிந்து, அறிவுக்குப் பிறகு தெரிந்தது. மூன்று தடவையும் அடுப்படியில் நின்றுகொண்டு, கடிதத்தை உறையோடு சேர்த்து இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்துக் கூடையில் போட்டது அவர் கைதான். "போடுங்க, அடுப்புக்கு ஆவும்" என்று சொல்லிக் கூடையை எடுத்துப் போனது அவள்.

எழுத்துள்ள பக்கம் அடியில் போய், வெறும் பக்கம் மேலே இருந்தது. தாள் மெல்லிசு, மசி பின்பக்கம் இலேசாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக. அச்சாபீஸில் ஈய எழுத்தை இடம் வலமாகவே வாசிக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டு இல்லை. பெண்ணின் வளைந்த கையில் அவர் கண் போய் நின்றது. வாசித்தார். அம்மா என்று இருந்தது.

"கெசியா" என்று கூப்பிட்டார்.

அவள் வந்து கதவோரம் நின்று அட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அப்பம் கண்டுட்டீயளா" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவ வாசிச்சாளா?"

"அவளுக்கு அச்செழுத்து மட்டுந்தான ஓடும் அத்தான். வேதப்புத்தகத்தை விரலை வச்சு வாசிப்பா. கையெழுத்து அவளுக்குக் கோழி கிண்டுன மாதிரி. நான் சேத்து வச்சு வாசிச்சுச் சொல்லட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா."

"ஏன்?"

"அவியளுக்குத் தெரியாம வாசிச்சா அது களவு, ஒருநா அவியளே மனசு மாறிக் கேப்பாவ, அன்னைக்கு எடுத்துக் குடுக்கணும்னு சொன்னா. எழுத்து மேல தெரிஞ்சா உங்க கண்ணுல படும், பட்டா இன்னொருக்கக் கிழிப்பீயன்னுதான் கவுத்து ஒட்டுனா. இதுக்கு உங்க ஆபீசுப் பசை கூடாதுன்னு சோத்துக் கஞ்சியில ஒட்டுனா. தண்ணி தொட்டா உரிஞ்சு வந்துரும்லா." கெசியாவின் உதடு கோணிற்று. "நேத்துச் சாயங்காலம் டிரங்கைக் காட்டிக் காட்டிப் படுத்துக் கெடந்தாளே. நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். அவ வாக்கை மீறக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

தேவசிகாமணி அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். நனைத்தால் மகன் இருக்கிற இடம் தெரியும். சாயங்காலத்துக்குள் அவன் வந்து தாயின் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கடல் போய்விடும். அவள் உலகத்தில் தனக்கென்று செய்துகொண்டது இந்த அட்டைகள்தான், அதில் பெரியது இது. அதையும் அவர் கையே பிய்க்கவேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் மற்றவர்களைச் சொல்லுவார். இப்போது அது தன் வாசலில் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது அவருக்கு. அதைவிடப் பயமாக இருந்தது.

"தண்ணி கொண்டா. மெல்லிசு துணி ஒண்ணும்" என்றார்.

நனைத்த துணியை அலைமேல் போர்த்தி, நூறு எண்ணுகிற நேரம் விட்டு எடுத்தார். முதல் துண்டு பூப்போலக் கழன்று வந்தது. கடுக்காய் மசியில் எழுதியிருந்தான், தண்ணீருக்குக் கலையவில்லை. கெசியா ஒவ்வொரு துண்டையும் வாங்கிப் பாயில் எழுத்து மேலாகப் பரப்பினாள். கடல் போயிற்று. குடிசை போயிற்று. ஆண், பிறகு பெண், கடைசியில் அவள் கை. ரோஜா நிறப் பிள்ளை மட்டும் வரவில்லை. நகத்தால் நெம்பினார். அதை மட்டும் அவள் துத்தப் பசையில் ஒட்டியிருந்தாள்.

"அது அவன் காயிதத்துல உள்ளது இல்லல்லா" என்றாள் கெசியா. "அவ கைச்சரக்கு."

விளிம்போடு விளிம்பு பொருத்தி, மூன்று கடிதமும் கலந்து கிடந்ததைப் பிரித்துச் சேர்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அச்சாபீஸில் கலைந்துபோன எழுத்துப் பாரத்தைச் சேர்த்துப் பார்க்கிற வேலை அவருக்குப் பழக்கம். முதல் கடிதம் மன்னிப்புக் கேட்டிருந்தது. இரண்டாவது, தூத்துக்குடிக்குக் குடிபோன சங்கதி. அதில் விலாசம் முழுதாகக் கிடைத்தது. மூன்றாவதை வாசிக்காமலே எழுந்திருக்கலாம். வாசித்தார்.

"1911 செப்டம்பர் 17. அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சத்தியநேசன் எழுதிக்கொள்வது. இந்தப் பத்தாம் தேதி செபஸ்தியம்மாள் பிள்ளைபேற்றில் இறந்துபோனாள். பெண் குழந்தை பிழைத்திருக்கிறது. ஆட்டுப்பால் கொடுக்கிறேன், தங்கவில்லை. அப்பா என் முகத்தில் விழிக்க வேண்டாம். அம்மாவை மட்டும் ஒரு மாதம் அனுப்பினால் போதும். பிள்ளை தேறினதும் நானே கொண்டுவந்து..." அதற்குமேல் ஒரு துண்டு இல்லை. காற்றிலோ அடுப்பிலோ போயிருக்கும்.

பிள்ளைப்பேற்றில் என்பதில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அத்தனை வருஷப் பழக்கம், அவர் கண் முதலில் அதில்தான் போய் நின்றது. அதற்காகவே தன்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஏழு மாதம். இந்த ஏழு மாதமும் அந்தக் கடிதம் இதே அறையில், அவர் தலைமாட்டுக்கு நாலடி தள்ளி, கவிழ்ந்து கிடந்திருக்கிறது. அதன் முதுகில் அவள் ஒரு பெண்ணை நிறுத்தி, கையில் பிள்ளையைக் கொடுத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

கெசியாவும் வாசித்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

விலாசத்தை வாங்கிப்போன அப்பாத்துரை தந்தியை எழுதிக்கொண்டு வந்து காட்டினார். தந்தி ஆபீசுக்காக இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னார்: தாயார் மரித்தார், சாயங்காலம் அடக்கம், உடனே புறப்படு. "யாரு அனுப்புதான்னு போட? எம் பேரையே போட்டுரட்டா அண்ணாச்சி?"

தேவசிகாமணி கூரையைப் பார்த்தபடி சொன்னார். "அப்பான்னு போடும்."

அப்பாத்துரை குடையைக்கூட எடுக்காமல் வெயிலில் ஓடினார்.

பன்னிரண்டு மணிக்கு ஐயர் வந்து, சபைப் பதிவுக்காகச் சாலோமி பிறந்த தேதியைக் கேட்டார். வேதப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். முதல் தாளைத் திறந்த ஐயர் தேதியைக் குறித்துக்கொண்டார். சிவப்புக் கோட்டின் மேல் ஒரு நிமிஷம் அவர் கண் நின்றது. புத்தகத்தை மூடிக் கொடுத்தார். "தூத்துக்குடி வண்டி நாலரைக்கு வருது. ஆத்தைத் தாண்டி இங்க வரணுமே. அஞ்சரை வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

சாயங்காலம் பெட்டி வந்தது. கறுப்புத் துணிமேல் கெசியா வெள்ளைக் காகிதத்தில் வெட்டின சிலுவையும் பெயரும். சாலோமியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். தேவசிகாமணி தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கழுத்தை நீட்டினார். மகன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்காகக்கூட அவர் தெருவில் நின்றது கிடையாது. ஐந்தரை ஆயிற்று. கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

ஆசாரி மூடியை வைத்து ஆணியை எடுத்தார்.

"ஆணி அங்கன போயி அடிக்கலாம்" என்றார் தேவசிகாமணி.

"ஐயா, தூக்கிட்டுப் போவையில மூடி நழுவும்."

"நான் பிடிச்சுக்கிடுதேன்." ஆணிகளை ஆசாரி கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கல்லறைத் தோட்டம்வரை மூடியில் ஒரு கையை வைத்தபடியே நடந்தார்.

ஐயர் ஜெபத்தை நீட்டினார். நீட்டக்கூடிய அளவுக்கு நீட்டினார். முடிக்கிற சமயத்தில் வாசலில் ஒரு வண்டி குலுங்கி நின்றது. ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்த அப்பாத்துரை முன்னால் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் சத்தியநேசன். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. தேவசிகாமணி முதலில் பார்த்தது அவன் கைகளை. இரண்டும் வெறுமனே தொங்கின. வண்டியைப் பார்த்தார். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இறங்கவில்லை.

அவரே மூடியைத் தூக்கினார். சத்தியநேசன் மண்ணில் முழந்தாளிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தான். சத்தம் போட்டு அழவில்லை. கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு மல்லிகை இதழை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். போதும் என்று யாரும் சொல்லவில்லை. வெளிச்சம் குறைகிறவரை அப்படியே இருந்தான். பிறகு தேவசிகாமணி ஆணிகளை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். முதல் பிடி மண்ணை மகன் போடட்டும் என்று விலகி நின்றார்.

விளக்கேற்றுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். துட்டி வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை இரண்டு தட்டில் போட்டு உள்ளறையில் வைத்துவிட்டு, கெசியா முன்வீட்டுக்குப் போய்விட்டாள். தகப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் பாயில் நீலத் துண்டுகள் காய்ந்து கிடந்தன. ஓரத்தில் அட்டை.

"இது என்னதுப்பா?" என்றான் சத்தியநேசன். வந்ததிலிருந்து அவன் பேசின முதல் பேச்சு.

"ஓங் காயிதந்தான். ஒங்கம்மா படமா ஒட்டி வச்சிருந்தா." தேவசிகாமணி வெறும் அட்டையில் விரலால் காட்டினார். "இங்கன கடல். இங்கன உங்க குடிசை. இது நீ. இது அவ."

சத்தியநேசன் குனிந்து பார்த்தான். வெளுத்த அட்டை நடுவில் ரோஜா நிறத்தில் அது ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மாவுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அவளா வச்சுக்கிட்டா. ஓங் காயிதத்தை அவ வாசிக்கல." நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னார். "நானும் வாசிக்கல. உறையோட கிழிச்சுப் போட்டேன். இன்னைக்குக் காலையிலதான் வாசிச்சேன்."

முன்வீட்டில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"வாசிச்சுட்டுத்தான் வரலன்னு நெனச்சேன்" என்றான் சத்தியநேசன். "உங்க மேல கோவம் இல்ல. உங்களத் தெரியும். அம்மாவும் வரலியேன்னு அவ மேலதான் கோவமா இருந்தேன்."

தேவசிகாமணி வாயைத் திறந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியைப் பார்த்த நேரத்திலிருந்து கேட்காமல் வைத்திருந்ததை இப்போதுதான் கேட்டார். "பிள்ளை எங்கலே?"

அவன் விளக்கைப் பார்த்தான்.

"கிறிஸ்மசு வரைக்கும் இருந்தா."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. தேவசிகாமணி தட்டிலிருந்து நாலு பருக்கையை எடுத்தார். உண்ணப்போகிறார் என்று சத்தியநேசன் நினைத்தான். அவர் அதைக் கட்டைவிரலால் உள்ளங்கையில் வைத்துக் கூழாகும்வரை நசுக்கினார். பாயில் தேடி, பெண்ணின் கையாக இருந்த அந்த வளைந்த துண்டை எடுத்து, எழுத்திருந்த பக்கத்தில் தடவினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரோஜா நிறத்தைச் சுற்றி அது முன்பு எப்படி இருந்ததோ அப்படியே கவிழ்த்து வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சத்தியநேசன் அடுத்த துண்டை எடுத்து நீட்டினான்.